யார் உடைத்த பல்

"பெட்டிய இறக்கணும் சார்."

1996-ல் திருச்சியில், ஒரு பட்டறை வாசலில் கேட்ட வாக்கியம் இது. எனக்கு அப்போது பதினோரு வயது. அப்பாவின் அம்பாசடரில் மூன்றாவது கியர் நிற்கவில்லை. கோட்டை ரயில்வே பாலத்தில் ஏறி, இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் கம்பி 'டக்'கென்று தானாகவே நியூட்ரலுக்கு வந்துவிடும். கியர்பாக்ஸைக் கழற்றிக் கீழே இறக்கினார்கள். ஆறு நாள் வண்டி கிடந்தது. உள்ளே ரிங் எல்லாம் தேய்ந்துவிட்டது, புதுசு போட்டாச்சு என்றார் மெக்கானிக். பத்தாவது நாள் அதே பாலத்தில் அதே 'டக்'.

திரும்பக் கொண்டுபோய் விட்டபோது மெக்கானிக் சொன்னார்: "நான் செஞ்ச வேல சுத்தம் சார். நீங்க ஓட்டுற விதம் சரியில்ல."

அப்பா அதுவரை இருபத்திரண்டு வருடம் கார் ஓட்டியிருந்தார். பாக்கிப் பணத்தைத் தர மாட்டேன் என்றார். "அப்ப வண்டியும் வெளிய போகாது" என்றார் மெக்கானிக். அப்பா நடந்தே வீட்டுக்கு வந்தார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. பணம் போனதைவிட அந்த ஒரு வாக்கியம்தான் அவரை அறுத்தது.

உடைந்தது யாரால், ஓட்டியவராலா, செய்தவராலா, பழுது பார்த்தவராலா? இந்தச் சண்டை கியர்பாக்ஸ் அளவுக்கே பழையது. ஒரு விதத்தில் அந்தப் பெட்டியின் வரலாறே இந்தச் சண்டையின் வரலாறுதான்.

பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு பலவீனம் உண்டு. நின்ற இடத்திலிருந்து அதனால் எதையும் இழுக்க முடியாது. குறிப்பிட்ட வேகத்தில் சுழன்றால்தான் அதற்குத் தெம்பு. மாட்டுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. நின்ற நிலையிலிருந்தே முழு பலத்தையும் போட்டு வண்டியை இழுக்கும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் பற்சக்கரங்கள் வந்தன. 1891-ல் பிரான்சின் பனார்-லெவாசோர் நிறுவனத்தில் எமில் லெவாசோர் ஓர் அமைப்பைக் கொண்டுவந்தார். முன்னால் இன்ஜின், அதன்பின் கிளட்ச், அதன்பின் நகர்த்தி மாற்றக்கூடிய பற்சக்கரங்கள், கடைசியில் பின்சக்கரங்கள். பல தலைமுறைக் கார்களுக்கு அந்த வரிசைதான் அச்சு. அந்த ஆரம்பகால வண்டிகளில் பற்சக்கரங்களுக்கு மூடியே கிடையாது. தூசியும் மண்ணும் படும்படி வெளியே சுழன்றன. எந்தப் பல் உடைந்தது என்று குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும். பிறகுதான் அவற்றை எண்ணெயோடு சேர்த்து ஒரு பெட்டிக்குள் போட்டு மூடினார்கள். சக்கரங்களின் ஆயுள் கூடியது. ஆனால் அன்றிலிருந்து உள்ளே நடப்பதை உரிமையாளர் கண்ணால் பார்க்க வழியில்லை. பெட்டியைப் பிரிப்பவர் சொல்வதை நம்ப வேண்டும்.

அந்தக் காலத்துக் கியர் மாற்றுவது தனி வித்தை. வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு சக்கரங்களை ஒன்றோடொன்று கோக்க வேண்டும். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, இன்ஜின் வேகத்தைச் சரிசெய்து, மறுபடி மிதித்து அடுத்த கியரைப் போட வேண்டும். நம் லாரிக்காரர்கள் 'டபுள் கிளட்ச்' என்றது இதைத்தான். தப்பினால் பல்லோடு பல் அரைபடும். அதனாலேயே காரை வாங்கிய பணக்காரர்கள் அதை ஓட்டப் பயந்து ஆள் வைத்தார்கள். ஷோஃபர் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு மூலப்பொருள் கொதிகலனுக்குத் தீ மூட்டுபவன். 1900-களின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்களில் இந்த ஷோஃபர்களே பெரிய தலைவலியானார்கள். முதலாளியின் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோய், பில்லை ஏற்றச் சொல்லி, தன் பங்கை வாங்கிக்கொள்வது சாதாரணமாக நடந்தது. முதலாளியால் எதையும் நிரூபிக்க முடியவில்லை. வண்டியைப் பற்றித் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஓட்டுபவர், மற்றவர் பிரிப்பவர். இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்றார்கள்.

1928-ல் கேடிலாக் கார்களில் சின்க்ரோமெஷ் வந்தது. ஏர்ல் தாம்ப்சன் என்ற பொறியாளரின் கண்டுபிடிப்பு அது. கோப்பதற்கு முன்னால் இரண்டு சக்கரங்களின் வேகத்தையும் உராய்வினால் சமமாக்குவது அதன் வேலை. டபுள் கிளட்சுக்குத் தேவை குறைந்தது, யாரும் ஓட்டலாம் என்றானது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசான அம்பாசடருக்கும் அது வந்தது, ஆனால் முதல் கியருக்கு மட்டும் இல்லை. வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது முதல் கியரைப் போட்டால் 'கர்ர்' என்று கத்தும். அப்பாவின் மெக்கானிக் மாற்றியதாகச் சொன்ன 'ரிங்' இந்த சின்க்ரோமெஷ் வளையங்கள்தாம். அவை மனிதக் கைத்திறமையின் இடத்தில் வந்து உட்கார்ந்தவை. அவை தேயும்போது, தேய்ந்தது வயதாலா, ஓட்டியவர் கையாலா என்ற கேள்வி எழுவது இயல்புதான்.

சரி, பணம் தராவிட்டால் வண்டியைப் பிடித்துவைக்க மெக்கானிக்குக்கு உரிமை உண்டா? உண்டு. கார் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்ட உரிமை அது. 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு சொல்வது இதுதான்: ஒப்படைத்த பொருளின்மேல் ஒருவர் தன் உழைப்பையோ திறமையையோ செலுத்தியிருந்தால், கூலி கிடைக்கும்வரை அதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். சட்டமே உதாரணமும் தருகிறது. பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தை நகைக்காரர் கூலிக்காக நிறுத்தி வைக்கலாம். ஆனால் மூன்று மாதக் கடனுக்கு ஒப்புக்கொண்ட தையல்காரர் கோட்டை நிறுத்தி வைக்க முடியாது. 1915-ல் இங்கிலாந்தில் ஒரு பெண்மணியின் காரைப் பராமரிப்பு நிறுவனம் பாக்கிக்காகப் பிடித்துவைத்தது. அது செல்லாது என்றது நீதிமன்றம். பராமரிப்பு என்பது பொருளை இருந்த நிலையில் வைத்திருப்பது மட்டுமே, மேம்படுத்துவது அல்ல என்பது ஒரு காரணம். வேண்டும்போதெல்லாம் காரை எடுத்துப்போகும் உரிமை அவருக்கு இருந்தது என்பது இன்னொன்று.

உரிமையாளர் பக்கம் சட்டம் வர நாளானது. 1986 டிசம்பரில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், காசு வாங்கிக்கொண்டு அரைகுறையாகச் செய்த வேலைக்கு 'சேவைக் குறைபாடு' என்று ஒரு பெயர் கிடைத்தது. அப்பாவும் ஒரு வக்கீல் நண்பரிடம் போனார். அவர் கேட்டது: "எழுத்துல என்ன இருக்கு? எஸ்டிமேட் வாங்குனியா? பழைய பார்ட்ஸ் கேட்டு வாங்குனியா?" அப்பாவிடம் ஒரு துண்டுச்சீட்டு மட்டும் இருந்தது, அதில் ஒரு தொகை மட்டும். கலிஃபோர்னியா மாகாணம் 1971-லேயே எழுத்துபூர்வ மதிப்பீட்டையும், கேட்டால் பழைய பாகங்களைத் திருப்பித் தருவதையும் சட்டமாக்கியிருந்தது. நம்மூரில் அது இன்றும் கேட்டு வாங்குபவரின் சாமர்த்தியம்தான்.

அப்படியொரு சட்டத்துக்கான தேவை அமெரிக்காவில் வெகுநாளாகவே இருந்தது. 1941-ல் ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழுக்காக ஒரு பரிசோதனை செய்தார்கள். நல்ல நிலையில் இருந்த காரில் வேண்டுமென்றே ஒரு ஒயரைக் கழற்றிவிட்டு, நாடு முழுக்க 347 பட்டறைகளில் காட்டினார்கள். 63 சதவீதப் பட்டறைகள் ஏமாற்றின. 1973-ல் டார்பி, கார்னி என்ற இரு பொருளியலாளர்கள் இந்த மாதிரிச் சேவைகளுக்குத் தனிப் பெயரே வைத்தார்கள். வாங்கிய பிறகும் தரத்தை அறிய முடியாத, நம்பிக்கையை மட்டும் வைத்து வாங்குகிற பண்டங்கள்.

அப்படியென்றால் சின்னப் பட்டறைதான் குற்றவாளியா? 2018-ல் ஆஸ்திரேலிய ஃபெடரல் நீதிமன்றத்தில் முடிந்த வழக்கைப் பாருங்கள். ஃபோர்டு நிறுவனத்தின் ஃபோகஸ், ஃபியஸ்டா, எக்கோஸ்போர்ட் கார்களில் 'பவர்ஷிஃப்ட்' என்ற இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் இருந்தது. வண்டி கிளம்பும்போது உதறுகிறது என்று வாடிக்கையாளர்கள் புகார் சொன்னார்கள். அது தரக் குறைபாட்டின் அறிகுறி என்று தெரிந்திருந்தும், 'உங்கள் ஓட்டும் முறைதான் காரணம்' என்று பல பேரிடம் நிறுவனம் சொல்லியிருக்கிறது. நீதிமன்றம் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அந்த எக்கோஸ்போர்ட்கள் நம் மறைமலைநகர் ஆலையில் தயாரானவை. செய்தியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே அப்பா முகமும் வந்தது. திருச்சியில் ஒரு லுங்கி கட்டிய மனிதர் சொன்னதையே அவ்வளவு பெரிய கம்பெனியும் சொல்லியிருக்கிறது.

அந்த இரண்டும் ஒன்றா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் எங்கள் கதை அங்கே முடியவில்லை.

அப்பா பாதிப் பணம் கட்டி வண்டியை மீட்டார். லாரிப் பெட்டிகளோடு வாழ்ந்த இன்னொரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். அவர் பெட்டியை இறக்கக்கூட இல்லை. கியர் கம்பியை நாலு தடவை ஆட்டிப் பார்த்து, காதைக் கொடுத்துக் கேட்டார். கியரை அதன் இடத்தில் பிடித்து நிறுத்த உள்ளே ஒரு சின்ன இரும்புக் குண்டும், அதன் முதுகில் ஒரு ஸ்பிரிங்கும் இருக்கும். அந்த ஸ்பிரிங் தளர்ந்துபோயிருந்தது. புது ஸ்பிரிங்கின் விலை ஒரு சாப்பாட்டுக்கும் குறைவு. "ரிங்கெல்லாம் புதுசுதான் சார், அந்தாளு பொய் சொல்லல" என்றும் சொன்னார்.

அதாவது முதல் மெக்கானிக் ஏமாற்றவில்லை. தேய்ந்ததை நிஜமாகவே மாற்றியிருக்கிறார். நோயை மட்டும் தவறவிட்டார். தவறவிட்டதை ஒப்புக்கொள்ள முடியாமல் பழியை அப்பாவின் கையில் வைத்தார். அவருக்கும் தன் வேலையின்மேல் ஒரு மரியாதை இருந்திருக்கிறது, அப்பாவுக்குத் தன் கையின்மேல் இருந்ததைப் போல.

அப்பா அந்தப் பழைய ஸ்பிரிங்கை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு முதல் பட்டறைக்குப் போனார். நானும் கூடப் போனேன். சண்டை நடக்கும் என்று பயந்தேன். மெக்கானிக் அதை வாங்கி, இரண்டு விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"இத நான் பாக்கல சார்" என்றார்.

அப்பா மீதிப் பணத்தை எடுத்து மேசையில் வைத்தார். மெக்கானிக் அதில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்.