தாத்தா கொண்டு வந்த விமான விசிறி

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சில பழைய வீடுகளின் சுவரில் மரத்தாலான விமான விசிறி ஒன்று தொங்கும். புரொப்பெல்லர் என்றால் சட்டென்று புரியும். முதல் உலகப்போர் காலத்துச் சாமான். கூடவே ஒரு கதையும் இருக்கும்: "தாத்தா சுட்டு வீழ்த்திய ஜெர்மன் விமானத்தோடது." கற்பனை வளம் அதிகமுள்ள குடும்பமென்றால் ரெட் பாரன் ரிக்ட்ஹோஃபனுடையதே என்பார்கள். 1918 ஏப்ரல் 21-ல் அவர் விழுந்ததும் விமானத்தைச் சிப்பாய்கள் நினைவுப் பொருளுக்காகப் பிய்த்து எடுத்தது உண்மைதான். ஆனால் ஒரு விமானத்துக்கு ஒரு விசிறிதானே!

சரி, கதையைச் சோதிப்பது எப்படி? மரத்தைத்தான் கேட்க வேண்டும். வால்நட், மகோகனி போன்ற பலகைகளை அடுக்கி ஒட்டிச் செதுக்கியவை இவை. நடுக்குடத்தில் எஞ்சின் பெயர், குதிரைசக்தி, விட்டம், வரைபட எண் எல்லாம் குத்தியிருப்பார்கள். ஒரு எஞ்சினுக்குச் செய்த விசிறி இன்னொன்றுக்குச் சரிவராது என்பதால் இந்த ஏற்பாடு. '200 குதிரைசக்தி, வோல்ஸ்லி வைப்பர்' என்றிருந்தால் அது பெரும்பாலும் எஸ்.இ.5ஏ விமானத்துடையது. தாத்தா ஓட்டிய சாப்வித் கேமலில் இருந்து கழற்றியது என்ற கதை அங்கேயே படுத்துவிடும். கேமலுக்கு வேறு வகை எஞ்சின். ஜெர்மன் விசிறி என்றால் ஆக்சியல், ஹைனே, கருடா என்று கம்பெனி முத்திரை இருக்கும். (ஆமாம், கருடாவேதான். பெர்லின் கம்பெனி!)

அமெரிக்க வீடுகளில் லிபர்ட்டி எஞ்சினுக்கான விசிறிகள் உண்டு. அந்த 400 குதிரைசக்தி எஞ்சின் பூட்டிய டி.எச்.4 விமானங்களை அமெரிக்கா ஏறத்தாழ 4,800 கட்டியது. 1918 நவம்பரில் போர் முடிவதற்குள் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தவை சுமார் 1,200 தான். மிச்சமான உதிரிச் சாமான்கள் பின்னால் விற்பனைக்கு வந்தன. எனவே பிரான்ஸ் போர்க்களத்தில் இருந்து வந்ததாகச் சொல்லப்படும் விசிறி, கிடங்கை விட்டே நகராததாக இருக்கலாம். இறுக்கிப் பூட்டிய உலோகத் தட்டின் தடம் போல்ட் துளைகளைச் சுற்றி இருக்கிறதா என்று பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

கதை பொய்த்தால் தாத்தா பொய்யர் என்று அர்த்தமில்லை. அவர் விமானப் படையில் மெக்கானிக்காக இருந்திருக்கலாம். பைலட் ஆக்கியது பேரப்பிள்ளைகளாக இருக்கும். காகிதத்தைப் பார்த்துத் தீர்க்கலாம் என்றால், அமெரிக்கக் குடும்பங்களுக்கு அதிலும் சோதனை. 1973-ல் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்து, 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் சாம்பலாகிவிட்டது. அப்போது விமானப் பிரிவும் தரைப்படையில்தான் இருந்தது.

ஆகவே பல வீடுகளில் மிஞ்சிய ஒரே சாட்சி அந்தக் குத்தெழுத்துதான். அதைப் போய் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்துப் பளபளப்பாக்குகிறார்கள்! எழுத்து மங்கலாக இருந்தால் பக்கவாட்டில் டார்ச் அடித்து, சாக்பீஸ் பொடியை லேசாகத் தடவினாலே போதும், எண்கள் எழுந்து நிற்கும்.