நகைச்சுவை சூடிய நடிப்பு மகுடம்

நடிப்பை மதிப்பிடுவோரிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. அழவைப்பவரைப் பெருநடிகர் என்பர். சிரிக்க வைப்பவரைப் பொழுதுபோக்குக்காரர் என்று ஒதுக்குவர். தொல்காப்பியரோ மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையையே முதற்கண் வைத்தார். அமெரிக்கத் திரைப்படக் கழகத்தாரும் 1935-ஆம் ஆண்டில் இவ்வழக்கத்தை மீறினர். அவ்வரலாறு அறியத்தக்கது.

சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் 1933-இல் எழுதிய 'நைட் பஸ்' என்ற சிறுகதையைக் கொலம்பியா நிறுவனம் படமாக்கியது. அந்நாளில் அது சிறிய நிறுவனம். எனவே, கிளார்க் கேபிளை மெட்ரோ நிறுவனத்திடமிருந்தும், கிளாடெட் கோல்பேரைப் பாரமவுண்ட் நிறுவனத்திடமிருந்தும் இரவல் பெற்றது. கோல்பேர் அரைமனத்துடனேயே இசைந்தார். ஏறத்தாழ நான்கு வாரங்களில் படப்பிடிப்பு முடிந்தது. 'இட் ஹாப்பண்ட் ஒன் நைட்' என்ற அப்படம் 1934-இல் வெளிவந்தது.

தந்தையை மீறி ஓடிவரும் செல்வர் மகளும், வேலையிழந்த செய்தியாளன் ஒருவனும் மியாமியிலிருந்து நியூயார்க் செல்லும் பேருந்தில் சந்திக்கின்றனர். பூசலில் தொடங்கிக் காதலில் முடிகின்றனர். கதை இவ்வளவே. ஆயின் நடிப்பை நோக்குமின்! துப்பறிவோர் அவளைத் தேடி விடுதி அறைக்கு வருகின்றனர். நொடிப்பொழுதில் அவ்விருவரும் வாழ்ந்து சலித்த கணவன் மனைவியராக மாறிச் சண்டையிடுகின்றனர். வந்தவர் அகன்றதும் தம் வேடத்தை எண்ணித் தாமே சிரிக்கின்றனர். இது நடிப்புக்குள் நடிப்பு. பொய்ச் சினத்தினூடே மெய்யன்பு அரும்புவதை ஒரு சொல்லும் கூறாமல் காட்டவேண்டும். சற்று மிகினும் கேலிக்கூத்தாகும்; சற்றுக் குறையினும் சுவை கெடும்.

27-2-1935 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் பில்ட்மோர் ஓட்டலில் பரிசளிப்பு நடைபெற்றது. 'ஆப் ஹியூமன் பாண்டேஜ்' படத்தில் கடுமையான வேடமேற்ற பெட்டி டேவிசின் பெயர் அவ்வாண்டுப் பட்டியலில் இல்லாமையால் எதிர்ப்பு எழுந்திருந்தது. ஆதலின், பட்டியலில் இல்லாதார் பெயரையும் வாக்குச்சீட்டில் எழுதலாம் எனக் கழகம் இசைந்தது. அவ்வாறிருந்தும் கோல்பேரே வென்றார். வெற்றியை எதிர்பாராது நியூயார்க் செல்லப் புகைவண்டி நிலையம் சென்றிருந்தவரை அழைத்து வந்தனர். பயண உடையிலேயே பரிசு பெற்றுத் திரும்பினார். சிறந்த நடிகர் கேபிள். இயக்குநர் பிராங்க் காப்ரா. திரைக்கதை ராபர்ட் ரிஸ்கின். சிறந்த படமும் அதுவே. இவ்வாறு ஐம்பெரும் பரிசுகளையும் ஒருசேரப் பெற்ற முதற்படம் ஒரு காதல் நகைச்சுவைப் படமாயிற்று!

இக்கதை நம்மவரிடமும் வந்தது. சென்னை ஏவி.எம். நிறுவனம் 1956-இல் ராஜ் கபூர், நர்கிஸ் நடிப்பில் இந்தியில் 'சோரி சோரி' என எடுத்தது இதன் தழுவலே.

பின்னர் 1976-இலும் 1992-இலும் ஐம்பெரும் பரிசுகளையும் வென்ற படங்கள் காதல் நகைச்சுவையைச் சார்ந்தவை அல்ல. எனினும் 1998-இல் 'ஆஸ் குட் ஆஸ் இட் கெட்ஸ்' படத்திற்காக ஜாக் நிக்கல்சனும் ஹெலன் ஹண்ட்டும் தலைமை நடிப்புப் பரிசுகள் இரண்டையும் பெற்றனர். 1976-இல் துயர் தோய்ந்த வேடத்துக்குப் பரிசு பெற்ற அதே நிக்கல்சனை, நகைச்சுவையும் உயர்த்தியது.

ஆசிரியப் பெருமக்களே! நம் பள்ளி நாடகப் போட்டிகளில் கண்ணீர் வடிக்கும் மாணவனுக்கே பெரும்பாலும் கோப்பை கிட்டுகிறது. அவையைச் சிரிக்க வைத்த சிறுவன் கைதட்டலோடு அமைகிறான். அழுகையில் உழைப்பு வெளிப்படத் தெரியும். நகையில் உழைப்பு மறைந்து நிற்கும். மறைந்து நிற்கும் உழைப்பையும் கண்டு மதிப்பெண் இடுவதே நடுவர்க்கு அழகு.