சுரதாளப் பதிப்பும் உரிமை வரம்பும்

பாட்டின் சொல் ஏட்டில் நிற்பது. இசையோ பாடுவோர் மிடற்றில் நிற்பது. தில்லையில் தேவார ஏடுகள் வெளிப்பட்ட பின்னரும், அவற்றின் பண்முறை விளங்குதற்குத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த அம்மையார் ஒருவரை நாடவேண்டியதாயிற்று என்று திருமுறை கண்ட புராணம் கூறுதல் சைவ நன்மக்கள் அறிந்ததே. இசையையும் ஏட்டின்கண் நிறுத்தும் கருவியாய் அமைந்தது சுரதாளக் குறிப்பு. அங்ஙனம் நிறுத்திய ஏடு யாவர்க்கு உரியது? பாடிய பெரியார்க்கோ, குறித்த ஆசிரியர்க்கோ, அன்றி உலகினர் அனைவர்க்குமோ? இதனை ஒரு நூலின் வரலாறு கொண்டு ஆராய்தல் தகும்.

திருவாரூரில் தோன்றிய முத்துசாமி தீட்சிதர், ஐம்பூதத் தலங்களாகிய காஞ்சி, திருவானைக்கா, திருவண்ணாமலை, திருக்காளத்தி, தில்லை என்பவற்றில் எழுந்தருளிய இறைவன்மீது வடமொழிக் கீர்த்தனைகள் பாடியவர். அவர் 1835-ம் ஆண்டில் எட்டயபுரத்தில் இறைவனடி சேர்ந்தார். அவர் பாடல்கள் மாணாக்கர் வழியாகவும் குடும்ப வழியாகவும் வாய்மொழியாய் வழங்கின. அவர்தம் இளவல் பாலுசாமி தீட்சிதரின் மகள் வயிற்றுப் பேரரும் சுவீகார புத்திரருமாகிய சுப்பராம தீட்சிதர் (1839–1906), எட்டயபுர சமஸ்தான வித்துவானாக இருந்து அச்செல்வத்தைக் காத்துவந்தார்.

தென்னாட்டு இசையை மேனாட்டுக் குறியீட்டில் 1893-ம் ஆண்டு முதல் அச்சிட முயன்ற சின்னசாமி முதலியார், சுப்பராமரிடம் உள்ளனவும் வெளிவரல் வேண்டுமென வற்புறுத்தினார். பரம்பரைப் பொருளை வெளியிடச் சுப்பராமர் முதற்கண் தயங்கினர் என்ப. எட்டயபுரத்து அரசரின் ஆதரவும் சேர, 1904-ம் ஆண்டில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' தெலுங்கெழுத்தில் வெளிவந்தது. முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் 229 அதன்கண் சுரதாளத்தோடு உள்ளன. கமகங்களுக்கும் தனித்தனிக் குறிகள் இடப்பெற்றன. நூல் வெளிவந்து ஈராண்டில் ஆசிரியர் மறைந்தார். அவர் தயக்கம் நீங்காதிருந்திருப்பின் அப்பொருளிற் பெரும்பகுதி அவரோடு மறைந்திருத்தல் கூடும்.

இனிச் சட்டத்தை நோக்குவாம். 1914-ம் ஆண்டுச் சட்டப்படி நூலுரிமை ஆசிரியர் வாழ்நாளும் அவர் மறைந்தபின் 50 ஆண்டும் நிற்பது. ஆகலின் சுப்பராமரின் உரிமை 1956-ல் முடிந்தது, அந்நூல் பொதுவுடைமையாயிற்று. மூலக் கீர்த்தனைகளோ எவர்க்கும் தனியுரிமை அற்றன. 1957-ம் ஆண்டுச் சட்டம், எழுத்திலோ அச்சிலோ குறிக்கப்பட்டதனையே இசைப்படைப்பு என்று வரையறுத்தது. வாய்மொழி இசைக்கு ஆண்டு இடமில்லை. 1994-ம் ஆண்டுத் திருத்தமே இசையைப் படைப்பெனக் கொண்டு, குறிப்பினை அதன் உள்ளடங்கியதாக வைத்தது. உரிமைக்காலமும் 1992-ல் 60 ஆண்டாக நீட்டப்பெற்றது.

பழம்பாட்டு பொதுவாயினும் அதன் புதுப்பதிப்பு பொதுவாதல் ஒருதலையன்று. சென்னைச் சங்கீத வித்வத் சபை 1961 முதல் பிரதர்சினியைத் தமிழெழுத்தில் வெளியிட்டது. இத்தகைய பதிப்பில் புதியவராய் ஒருவர் ஆராய்ந்து சேர்த்தன உளவேல், அவற்றளவில் அவர்க்கு உரிமை உண்டு. மூலம் மூலமாகவே நிற்கும். எத்துணைச் சேர்த்தால் உரிமை பிறக்கும் என்பதே வழக்கு. 1726-ல் மறைந்த பிரெஞ்சு இசைப்புலவர் தெ லலாந்தின் தெய்வத் துதிகளைப் பிழைநீக்கிப் பாடுதற்கேற்பப் பதிப்பித்த லயனெல் சாக்கின்சு என்பார்க்கு, அப்பதிப்பில் உரிமை உண்டென இங்கிலாந்து மேன்முறையீட்டு மன்றம் 2005-ல் தீர்த்தது. நம் உச்ச நீதிமன்றமோ, தீர்ப்புத் திரட்டுகளைப் பற்றிய வழக்கொன்றில் 2007-ல், உழைப்பும் செலவும் மாத்திரம் உரிமை தாரா. திறமும் தேர்ச்சியும் சிறிதளவேனும் புத்தாக்கமும் வேண்டும் என்றது. அந்நெறிப்படி எழுத்தை மாற்றி அச்சிட்டமை மாத்திரத்தானே உரிமை கோரல் அரிது.

இதனாற் சைவவுலகு கொள்ளத்தக்கது யாது? தேவாரப் பண்களைச் சுரதாளத்தோடு பதிப்பிப்போர் முதல் ஏட்டில் 'உரிமை பதிவு செய்யப்பெற்றது' எனப் பொறிப்பர். அதனைக் கண்ட அன்பர் சிலர், திருப்பதிகமே ஒருவர்க்கு உடைமையாயிற்றோ என மருள்வர். அது பொருந்தாது. நாயன்மார் வாக்கும், ஓதுவார் வழிவழி ஓதிவந்த பண்ணும் பொது; பதிப்பாசிரியர் தம் அறிவாற் சேர்த்த குறிப்பும் விளக்கமுமே அவர்க்கு உரியன, அதுவும் காலவரம்பிற்கு உட்பட்டு. ஆதலின் பதிப்பிப்போர் மரபின் வந்தது இது, தாம் சேர்த்தது இது எனப் பிரித்துக் காட்டுக. அங்ஙனம் காட்டின் உழைத்தவர் ஊதியமும் கெடாது; ஓதுவார் நாவும் தடைப்படாது. ஆண்டவன் புகழ் பாடும் இசை எல்லார்க்கும் சென்று பயன்படத் திருவருள் முன்னிற்பதாக.