பாதத்தில் இறங்காத பருமன்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் இருக்கிறது இலஞ்சி. சிற்றாற்றுத் தண்ணீரில் நெல் விளையும் ஊர். அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற குமாரர் கோயில் உள்ள ஊர். மேற்கே கொஞ்ச தூரத்தில் செங்கோட்டை. அங்கிருந்து ஆரியங்காவுக் கணவாய் வழியே மலையைத் தாண்டினால் கொல்லம் கடற்கரை வந்துவிடும். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. கொல்லத்தையும் செங்கோட்டையையும் இணைத்த மலை ரயில்பாதை 1904இல் திறக்கப்பட்டது. இலஞ்சிக்கு இப்படி அண்டை நிலமாக இருக்கும் அந்த மேலைக் கடலோரம், கால் வீங்கும் நோய்க்கு நூற்றாண்டுகளாகப் பேர்போனது. ஆங்கிலேயர்கள் அந்த வீக்கத்துக்குக் ‘கொச்சிக்கால்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

கால் பெருத்தவர்களை ஊரும் வைத்தியமும் எப்படிப் பார்த்தன என்பதற்கு நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் யானைக்கால் நோய்க்கு ஒரு முடிவு கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அதே வரலாற்றுக்குள், யானைக்காலும் இல்லாமல் சாதாரணப் பருமனும் இல்லாமல் கால் மட்டும் பெருத்துப்போன பெண்கள் பெயரில்லாமலே வாழ்ந்து மறைந்திருக்கிறார்கள்.

பழைய மருத்துவ நூல்களில் சுசுருதர் யானைக்கால் நோயைச் சொல்லும் இடம் கவனிக்கத்தக்கது. பழைய தண்ணீர் தேங்கிக் கிடக்கும் நிலங்களில், எல்லாப் பருவத்திலும் குளிர்ந்திருக்கும் நாடுகளில் கால் வீக்கம் மிகுதியாக வரும் என்கிறார். கொசுவுக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு என்று யாரும் அறியாத காலம் அது. ஆனாலும் நோயாளி நிற்கும் நிலத்தையும் அங்குள்ள நீரையும் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

பின்னால் வந்த சிலர் நீரைப் பார்க்கவில்லை, குலத்தைப் பார்த்தார்கள். 1583 முதல் 1588 வரை கோவாவில் இருந்த டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன் தம் பயண நூலை 1596இல் வெளியிட்டார். புனித தோமையாரைக் கொன்றவர்களின் வம்சத்தில் வந்தவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே யானையின் காலைப் போல ஒரு கால் பருத்துவிடும் என்று மக்கள் நம்பியதை அதில் எழுதி வைத்தார். முன்னோர் செய்த கொலைக்குப் பேரப்பிள்ளையின் கால் சாட்சி என்பது அந்த நம்பிக்கையின் சாரம். நோயாளிக்கு வலியோடு பழியும் சேர்ந்தது. பெண் கொடுப்பது, பெண் எடுப்பது, பக்கத்தில் உட்காருவது எல்லாவற்றிலும் அந்தப் பழி குறுக்கே நின்றது.

பழி விலகத் தொடங்கியது நுண்ணோக்கியின் கீழே. 1872இல் கல்கத்தாவில் டிமதி லூயிஸ் மனித ரத்தத்தில் மெல்லிய புழுக்களைக் கண்டார். 1876இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஜோசப் பேன்கிராஃப்ட் அவற்றின் வளர்ந்த தாய்ப்புழுவைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டு சீனாவின் அமோய் துறைமுகத்தில் பேட்ரிக் மேன்சன், புழுக்களை ரத்தத்தில் சுமந்த தம் தோட்டக்காரரைக் கொசுக்களுக்கு நடுவே தூங்கவைத்தார். பிறகு அந்தக் கொசுக்களை அறுத்துப் பார்த்தபோது புழு அவற்றின் உடலுக்குள் வளர்வது தெரிந்தது. இந்தக் குட்டிப் புழுக்கள் பகலில் உடலுக்குள்ளே ஒதுங்கி, இரவில்தான் தோலையொட்டிய ரத்தத்துக்கு வருகின்றன என்பதையும் அவரே கண்டறிந்தார்.

அதனால்தான் நம் ஊர்களில் யானைக்கால் ஒழிப்புப் பணியாளர்கள் இருட்டிய பிறகு வீடு வீடாக வந்து விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். பகலில் எடுத்த ரத்தத்தில் ஒன்றும் தெரியாது. எந்த நேரத்தில் பார்க்க வேண்டும் என்று தெரிந்ததே பாதி வைத்தியம்.

மலைக்கு அந்தப் பக்கம், திருவிதாங்கூரில், எம். ஓ. டி. ஐயங்கார் 1930களில் ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்தார். சேர்த்தலைப் பகுதியில் பரவியது வேறு இனப் புழு. அதைச் சுமக்கும் கொசுவின் குஞ்சுகள் குளங்களில் மிதக்கும் ஆகாயத்தாமரையின் வேர்களைப் பற்றிக்கொண்டு மூச்சு விட்டன. புழு மாறினால் கால் வீங்கும் விதமும் மாறும் என்பது இத்தகைய ஆய்வுகளில் தெளிவாயிற்று. சேர்த்தலை வகையில் வீக்கம் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே நின்றுவிடும். மற்ற வகையில் கால் முழுவதும் வீங்கலாம், ஆண்களுக்கு விரைவீக்கமும் வரும். புதுச்சேரியில் 1975இல் தொடங்கிய கொசுவழி நோய்க் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1986 முதல் சேர்த்தலையில் களம் இறங்கியது. ஆகாயத்தாமரையை அகற்றி அந்தக் குளங்களில் மீன் வளர்க்க மக்களை ஊக்குவித்தது. அகற்றிய செடி தழையுரமாயிற்று.

மருந்து 1947இல் வந்தது. டைஎதில்கார்பமசின் என்ற அந்த மாத்திரையை மையமாக வைத்து 1955இல் தேசிய யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 2004 முதல் நோய் பரவியுள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கு ஒரு முறை எல்லோருக்கும் மாத்திரை கொடுக்கும் முறை நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. 2016இல் இலங்கை யானைக்கால் நோயை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. ஒரு கடலால் மட்டும் பிரிந்திருக்கும் நாட்டில் நடந்தது நமக்கும் நடக்கக்கூடியதே.

பழியிலிருந்து புழுவுக்கும், புழுவிலிருந்து மாத்திரைக்கும் போன இந்தப் பாதையில் ஒரு வகைக் கால் மட்டும் விடுபட்டுப்போனது.

1940இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில், மேயோ மருத்துவமனையில், எட்கர் ஆலன், எட்கர் ஹைன்ஸ் என்ற இரு மருத்துவர்கள் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். இரண்டு கால்களும் ஒரே அளவில் கொழுப்பால் பெருத்து, நின்றால் வீங்கி, பாதம் மட்டும் மெலிந்தே இருக்கும் பெண்களைப் பற்றியது அது. அந்த நிலைக்கு லிப்பெடீமா என்று பெயர் வைத்தார்கள். 1951இல் வோல்ட் என்பவரோடு சேர்ந்து 119 பேரைப் பார்த்து விரிவாக எழுதினார்கள். ஏறக்குறைய எல்லோரும் பெண்கள். பருவமடையும்போதோ பேறுகாலத்திலோ மாதவிடாய் நிற்கும் வயதிலோ தொடங்குகிறது. தாய்க்கும் அத்தைக்கும் அதே கால் இருந்ததாகப் பலர் சொல்வார்கள். வயிற்றைக் காயப்போட்டாலும் முகமும் கழுத்தும் மார்பும்தான் வற்றுமே தவிர, தொடையும் கெண்டைக்காலும் அசையாது.

யானைக்காலுக்குப் புழு கிடைத்ததைப்போல இதற்கு ஒரு புழு கிடைக்கவில்லை. ரத்தத்தில் காட்டும் பரிசோதனையும் இல்லை. கண்ணாலும் கையாலும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அப்படிப் பார்க்கும் பழக்கம் பரவாததால், உலகம் முழுவதும் இந்தப் பெண்கள் ‘தின்றே பெருத்தவர்கள்’ என்ற சொல்லைக் கேட்டார்கள். லின்ஸ்கோட்டன் காலத்தில் முன்னோர்மேல் விழுந்த பழி இப்போது சாப்பாட்டுத் தட்டின்மேல் விழுந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் லிப்பெடீமா தனக்கென ஒரு எண்ணோடு இடம்பெற்ற பதினொன்றாம் பதிப்பு நடைமுறைக்கு வந்தது 2022இல்தான். முதல் கட்டுரைக்கும் அதற்கும் நடுவே 82 ஆண்டுகள்.

நம் பக்கத்தில் பெண்ணின் காலைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் கவிஞர்களே. இலஞ்சிக்குப் பக்கத்து மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் பாடிய குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லியின் அழகு அங்கம் அங்கமாக வருகிறது. தொடைக்கு வாழைத்தண்டு, கணைக்காலுக்கு வரால் மீன் என்று மரபில் உவமைகள் இருந்தன. அந்த உவமைகளுக்குள் அடங்காத கால் கொண்டவள் பாட்டில் வரவில்லை. பெண்பார்க்கும் சடங்கிலும் அவளுக்கு இடம் சுருங்கியது. சேலையின் நீளம் அவளுக்கு மறைப்பாயிற்று. மறைத்ததால் வைத்தியர் கண்ணிலும் படவில்லை.

அடையாளம் காண்பது கடினமில்லை. யானைக்காலில் தாய்ப்புழுக்கள் நிணநீர்க் குழாய்களைக் கெடுக்கின்றன. நிணநீர் தாழ்வான இடத்தில் தேங்குகிறது. ஆகவே புறங்கால் வீங்கும், விரல்கள் தடிக்கும், பெரும்பாலும் ஒரு கால் மற்றதைவிடப் பெரிதாக இருக்கும். லிப்பெடீமாவில் இரு கால்களும் ஒன்றுபோலப் பெருக்கும். இடுப்பிலிருந்து இறங்கும் பருமன் கொலுசு போடும் இடத்தில் வெட்டினாற்போல நின்றுவிடும். அதற்குக் கீழே பாதம் இயல்பாக இருக்கும். கொலுசு மேலே ஏறாமல் அந்த மடிப்பிலேயே அழுந்தும். இரண்டாம் கால்விரலின் அடிப்பகுதித் தோலைக் கிள்ளித் தூக்க முடிகிறதா என்று 1976இல் ராபர்ட் ஸ்டெம்மர் சொன்ன சோதனை ஒன்று உண்டு. நிணநீர் வீக்கத்தில் தோல் தடித்துக் கிள்ள வராது. லிப்பெடீமாவில் பொதுவாக எளிதாக வரும். இன்னும் இரண்டு அடையாளங்களைப் பெண்கள்தாம் சொல்ல முடியும்: தொட்டால் வலிக்கும், லேசாக இடித்தாலே கன்றிவிடும். வெறும் பருமனில் இந்த வலி இல்லை.

எல்லாக் கால் வீக்கமும் இதற்குள் அடங்காது. அழுத்தினால் குழி விழுந்து, புறங்காலும் வீங்கி, மூச்சு வாங்கினால் இதயமும் சிறுநீரகமும் பார்க்கப்பட வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். லிப்பெடீமா பல ஆண்டு கவனிக்கப்படாமல் போனால் நிணநீர் ஓட்டமும் கெட்டு, பிறகு பாதமும் வீங்கத் தொடங்கலாம். அந்தக் கட்டத்தில் வருபவரை யானைக்கால் என்று எண்ணிவிடுவது எளிது.

தென்காசி வட்டாரத்துக்கு ஒரு தனிக் கவலை உண்டு. கடையம், ஆலங்குளம், தென்காசிச் சுற்றுப்புறங்களில் பீடி சுற்றுவது பெண்களின் தலைமுறைத் தொழில். மடியில் தட்டு, அதில் இலையும் தூளும்; காலை நீட்டியோ மடக்கியோ மணிக்கணக்காக ஒரே இருப்பு. 1966இல் பீடித் தொழிலாளர் சட்டம் வந்தது. முக்கூடலில் அவர்களுக்கென மத்திய அரசு மருத்துவமனையும் இருக்கிறது. இருமலும் மூச்சிறைப்பும் இந்தத் தொழிலின் நோய்களாக அறியப்பட்டிருக்கின்றன. காலைப் பற்றிய பேச்சு குறைவு. கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போதுதான் காலிலுள்ள ரத்தமும் நிணநீரும் மேலே ஏறும். அசையாத கால் யாருக்கும் வீங்கும். லிப்பெடீமா உள்ளவருக்கு அது வலியாகவே மாறும். மணிக்கு ஒரு முறை எழுந்து நடப்பது, உட்கார்ந்தபடியே கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது இரண்டும் செலவில்லாத மருந்து. துணிக்கடையில் நாள் முழுவதும் நிற்கும் பெண்களுக்கு 2021இல் தமிழ்நாடு அரசு இருக்கை கட்டாயம் என்று கடைகள் சட்டத்தைத் திருத்தியது. கால் பெருத்த பெண்ணுக்கு அந்த நாற்காலி மருத்துவச் சாதனத்துக்குச் சமம்.

குற்றாலமும் இந்தக் கதையில் உண்டு. சீசன் காலத்தில் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுவது பழைய தொழில். தேய்த்து அமுக்கினால் எல்லா வலியும் போகும் என்பது பரவலான நம்பிக்கை. லிப்பெடீமா காலுக்கு அந்த அமுக்கல் ஆகாது. தோலுக்கடியில் ரத்தம் கசிந்து கன்றிவிடும். உயரத்திலிருந்து விழும் அருவியின் அடியும் அப்படியே. மாறாக, இடுப்பளவு தண்ணீரில் நிதானமாக நடப்பது நல்லது. நீரின் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகக் காலைத் தாங்கும். அமுக்கலைப் போலன்றி, 1930களில் எமில் வோடர் வகுத்த நிணநீர் வருடல் முறையில் கை, தோலை மென்மையாக நகர்த்தும் அளவுக்குத்தான் படும்.

வாழ்ந்து சமாளிக்கும் வழிகளை யானைக்கால் நோய்தான் கற்றுக்கொடுத்திருக்கிறது. ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் ஆர். கே. ஷெணாய் குழுவினர், காலைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, விரலிடுக்குப் புண்ணைக் கவனித்தாலே காய்ச்சலோடு வரும் வீக்கத் தாக்குதல்கள் குறைவதைக் காட்டினார்கள். காசர்கோட்டில் எஸ். ஆர். நரஹரி நடத்தும் இன்ஸ்டிட்யூட் ஆஃப் அப்ளைடு டெர்மடாலஜி, தோல் பராமரிப்பு, யோகா, ஆயுர்வேதம், அழுத்தக் கட்டு நான்கையும் சேர்த்து நிணநீர் வீக்கத்துக்குச் சிகிச்சை தருகிறது. லிப்பெடீமாவுக்கும் அழுத்தக் காலுறை, நடை, தோல் பராமரிப்பு, மூட்டுக்குச் சுமை ஏறாமல் எடையைக் காப்பது ஆகியவைதாம் அன்றாடத் துணை. கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவை சிலருக்கு உதவும். செலவும் பயணமும் அதிகம். பட்டினி கிடப்பது இந்தக் காலுக்கு வைத்தியமாகாது என்பதை வீட்டில் உள்ளவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

தென்காசி தனி மாவட்டமாகி சில ஆண்டுகளே ஆகின்றன. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அதே வருகையில், வீட்டுப் பெண் கால்வலி என்று சொன்னால், சேலையைக் கணுக்கால் அளவுக்கு உயர்த்திக் காட்டச் சொல்லி மூன்று கேள்விகள் கேட்கலாம்: இரண்டு காலும் ஒன்றுபோல இருக்கிறதா, பாதம் வீங்கியிருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா? ஒன்றுபோல இருந்து, பாதம் வீங்காமல், தொட்டால் வலித்தால் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பும் சீட்டில் லிப்பெடீமா என்று சந்தேகமாகவாவது எழுதலாம். இரவில் வந்து ரத்தம் எடுத்த பணியாளர்களைத் திண்ணையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்த ஊர்கள் இவை. இந்தக் கேள்விகளுக்கும் கதவு திறக்கும்.