முதல் மனைவியிடம் கேட்க வேண்டாமா? கென்யாவின் திருமணச் சட்டம் வந்த கதை

2014 மார்ச் மாதம், ஒரு வியாழன் இரவு. நைரோபியில் கென்யப் பாராளுமன்றம் திருமணச் சட்டமூலத்தை விவாதித்துக்கொண்டிருந்தது. கணவன் இன்னொரு பெண்ணை மணக்க நினைத்தால் அதை மறுக்கும் உரிமை இருக்கிற மனைவிக்கு உண்டு என்று முதல் வரைவில் ஒரு ஏற்பாடு இருந்தது. கட்சி வேறுபாட்டை மறந்து ஆண் உறுப்பினர்கள் ஒன்றுசேர்ந்து அதை நீக்கினார்கள். பெண் உறுப்பினர்கள் கோபத்தோடு சபையை விட்டு வெளியேறினார்கள். ஏப்ரலில் ஜனாதிபதி உகுரு கென்யாட்டா கையெழுத்திட்டார்.

"பலதார மணத்தைச் சட்டமாக்கிப்போட்டாங்கள்" எண்டு சொல்லி இதை முடித்துவிடலாம். ஆனால் பலதார மணம் அந்த இரவில் பிறந்ததில்லை. நாட்டின் முதல் ஜனாதிபதியும் உகுருவின் தந்தையுமான ஜோமோ கென்யாட்டாவே நான்கு பெண்களை மணந்தவர்.

லுவோ, கிகுயு போன்ற சமூகங்களில் ஒவ்வொரு மனைவிக்கும் தனி வீடு, தனித் தோட்டம் இருந்தன. லுவோக்கள் முதல் மனைவியை 'மிகாயி' என்பார்கள். குடும்பத்தில் அவளுக்கென்று ஒரு மரியாதை உண்டு. அதற்காக அது சமத்துவமான ஏற்பாடு எண்டு நாங்கள் சொல்லவரவில்லை. தோட்டத்தில் பாடுபட்டது பெண்கள், நிலமும் மாடும் ஆண்களின் பிடியில்.

பிரித்தானியர் 1902இல் ஒருதார மணத்துக்கான கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். வழமைத் திருமணங்கள் பக்கத்திலேயே தொடர்ந்தன, ஆனால் கீழான இடத்தில். கணவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்படி மனைவியைக் கட்டாயப்படுத்த முடியாது என்ற பாதுகாப்பு, வழமைப்படி மணந்த பெண்ணுக்குப் பொருந்துமா என்ற கேள்வி 1917இல் அம்கேயோ வழக்கில் வந்தது. பொருந்தாது என்றது நீதிமன்றம். அது திருமணமே இல்லையாம், பெண்ணை விலைக்கு வாங்குவதாம்! ஒரே தீர்ப்பில் எத்தனையோ பெண்கள் சட்டத்தின் கண்ணில் மனைவி என்ற இடத்தை இழந்தார்கள்.

பலதார மணம் இதனால் ஒழியவில்லை, மறைவுக்குத்தான் போனது. நகரத்தில் தேவாலயத்தில் ஒரு கல்யாணம், ஊரில் வழமைப்படி இன்னொன்று. ஆண் இறந்தால், ஊரில் இருந்தவளுக்கும் பிள்ளைகளுக்கும் சொத்தில் பங்கு இல்லாமல் போகலாம். 1981இல்தான் வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, அப்படிப்பட்ட பெண்ணும் சொத்துரிமைக்காக மனைவியாக ஏற்கப்பட்டாள். எல்லாத் திருமணங்களையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவரும் முயற்சியோ 1976இலும் 1979இலும் பாராளுமன்றத்தில் தோற்றது.

2014இன் சட்டம் கிறிஸ்தவ, சிவில், இந்து, இஸ்லாமிய, வழமைத் திருமணங்கள் ஐந்தையும் அங்கீகரிக்கிறது. முதல் மூன்றும் ஒருதார மணங்கள். வழமை, இஸ்லாமியத் திருமணங்களில் ஆண் ஒன்றுக்கு மேற்பட்ட பெண்களை மணக்கலாம். எல்லாமே பதிவு செய்யப்படவேண்டும்; குறைந்த வயது 18. மறைவில் இருந்த இரண்டாம், மூன்றாம் மனைவிகளுக்குக் கையில் ஒரு பத்திரம் கிடைக்க இது வழிசெய்தது. அது சின்ன விஷயமில்லை.

ஆனால் முதல் மனைவி? 2013இன் திருமணச் சொத்துச் சட்டப்படி, இன்னொருத்தி வருவதற்கு முன் கணவனும் முதல் மனைவியும் தேடிய சொத்து அவர்கள் இருவருக்கும் சமபங்கு. அதற்குப் பிறகு அவன் தேடும் சொத்தில் மனைவிமார் எல்லோருக்கும் உரித்து உண்டு, அவரவர் பங்களிப்பைப் பொறுத்து. அப்படியென்றால் இரண்டாவது கல்யாணம் எந்த நாளில் நடந்தது என்பதே அவளுடைய காணி, வீட்டின் கணக்கை மாற்றுகிறது. அந்த நாளைப் பற்றிக் கேட்கப்படவேண்டிய ஆள் அவள்தான். அவளிடம் கேட்கத் தேவையில்லை என்றுதான் சபை வாக்களித்தது. இத்தனைக்கும் 2010இன் அரசியலமைப்பு, திருமணம் செய்யும்போதும், வாழும்போதும், பிரியும்போதும் இருவருக்கும் சம உரிமை என்கிறது.

2014இன் கணக்கெடுப்பில் மணமான கென்யப் பெண்களில் சுமார் 11 வீதமானோர் பலதார மணத்தில் இருந்தார்கள். 1970களின் இறுதியில் இது 30 வீதமளவில் இருந்தது. எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது. ஆனாலும் அந்த 11 வீதத்துக்குள் முதல் மனைவியும் இருக்கிறாள், இரண்டாவதும் இருக்கிறாள். வழமையை 'விலைக்கு வாங்குவது' என்று காலனிய நீதிமன்றம் இகழ்ந்தது. 'எங்கட பண்பாடு' என்று சுதந்திர நாட்டின் ஆண்கள் போற்றினார்கள். இரண்டு பேரும் தீர்மானித்தது பெண்ணைப் பற்றி, பெண்ணிடம் கேட்காமல். அன்றிரவு வெளிநடப்புச் செய்தவர்கள் பலதார மணத்தைத் தடைசெய் என்று கேட்கவில்லை. எங்களையும் கேளுங்கள் என்றுதான் கேட்டார்கள்.