இரண்டு கடல்களில் ஒரு நிமிடம்

‘சைலண்ட் ஹண்டர் 3’, ‘சைலண்ட் ஹண்டர் 4’ ஆகிய இரண்டு கணினி விளையாட்டுகளையும் உருவாக்கியது யூபிசாஃப்ட்டின் ருமேனியப் பிரிவு. 2005இல் வந்த முன்னது நம்மை இரண்டாம் உலகப் போர்க்கால அட்லாண்டிக்கில் ஜெர்மன் நீர்மூழ்கியின் தலைவராக்குகிறது. 2007இல் வந்த பின்னது பசிபிக்கில் அமெரிக்க நீர்மூழ்கியின் தலைவராக்குகிறது. இரண்டிலும் விமானம் தென்பட்டதும் அவசரமாக மூழ்க அழுத்த வேண்டியது ஒரே ‘சி’ விசைதான். ஆனால், அந்த விசையை அழுத்தும் கணத்தில் நமக்குத் தெரிந்திருப்பவை வேறு, அதன் பின் காக்கும் நீரும் வேறு.

கணக்கிலிருந்து தொடங்குவோம். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானம் ஒரு நிமிடத்தில் ஐந்து கிலோமீட்டர் கடக்கும். ஜெர்மனியரின் ஏழு-சி வகைக் கலம் 67 மீட்டர் நீளம். பயிற்சி பெற்ற குழுவினரோடு சுமார் அரை நிமிடத்தில் நீருக்குள் மறையும். அமெரிக்கரின் கேட்டோ வகை 95 மீட்டர் நீளம். அதற்கு இன்னும் சற்று நேரம் பிடிக்கும். ஆகவே அட்லாண்டிக்கில் ஆடுபவருக்கு வாய்ப்பது விரைந்து மூழ்கும் கலம். ஆனால் அவருடைய எச்சரிக்கை பெரும்பாலும் மேல்தளக் காவலர்களின் கண்களையே நம்பியது. பசிபிக்கில் ஆடுபவருக்கு மெதுவாக மூழ்கும் கலம். அவருக்கு எஸ்டி ரேடார் இருக்கிறது. திசையைச் சொல்லாது, தொலைவை மட்டுமே சொல்லும் கருவி அது. மூழ்குவதா என்று முடிவெடுக்க அதுவே போதும். ஒருவர் வேகத்தால் ஈட்டும் நேரத்தை மற்றவர் முன்னறிவிப்பால் ஈட்டுகிறார்.

அட்லாண்டிக் ஆட்டத்தில் காவலர்களின் களைப்பு ஏன் அவ்வளவு முக்கியம் என்பது இங்கே விளங்கும். சோர்ந்த காவலர் தாமதமாகப் பார்ப்பார், அந்தத் தாமதத்துக்குக் கலமே விலையாகும். நிஜப் போரில் எதிர்த்தரப்பும் இதே கணக்கைப் போட்டது. பிரிட்டனின் கடலோர விமானப்படை தன் விமானங்களுக்கு வெள்ளை பூசியது, மேகத்தின் பின்னணியில் அவை தாமதமாகக் கண்ணில் படட்டும் என்று. இயற்பியலாளர் இ. ஜே. வில்லியம்ஸ் ஆழ்குண்டுகளை 100 அடிக்குப் பதில் 25 அடியில் வெடிக்கச் செய்யப் பரிந்துரைத்தார். ஆழத்துக்குப் போய்விட்ட கலம் எங்கே இருக்கிறது என்று விமானிக்குத் தெரியாது. மேற்பரப்பிலோ அப்போதுதான் மூழ்கியதாகவோ இருக்கும் கலத்தைத்தான் அடிக்க முடியும் என்பது அவருடைய வாதம். ஆட்டக்காரர் கற்கும் பாடம் இதன் மறுபக்கமே: மூழ்கியவுடன் சுக்கானை முழுதும் திருப்பி, நுரை கிளம்பிய இடத்தைவிட்டு விலகிக்கொண்டே ஆழம் போவது.

ஆழத்தில் இரண்டும் பிரிகின்றன. வட அட்லாண்டிக்கின் இருண்ட நீரில் பெரிஸ்கோப் ஆழத்துக்குக் கீழே போனதும் ஓரளவு மூச்சு விடலாம். வெப்பமண்டலப் பசிபிக்கின் தெளிந்த, அலையற்ற நீரில் கலத்தின் நிழலுருவம் மேலிருந்து தெரியும். பெரிஸ்கோப் ஆழத்திலேயே காத்திருந்து வேடிக்கை பார்க்க நினைப்பவர் அடிபடுவார்.

என்னை மிகவும் ஈர்ப்பது, எச்சரிக்கைக் கருவியின் மீதே எழுந்த சந்தேகம். 1942 கோடை முதல் ஜெர்மன் கலங்களில் பொருத்தப்பட்ட மெட்டாக்ஸ், விமான ரேடாரின் அலையைக் கேட்டு எச்சரித்தது. 1943இல் நேச நாடுகள் பத்து சென்டிமீட்டர் ரேடாருக்கு மாறியதும் அது செவிடாயிற்று. விமானங்கள் முன்னறிவிப்பின்றி வரத் தொடங்க, மெட்டாக்ஸ் கசியவிடும் கதிர்வீச்சைப் பிடித்துக்கொண்டே எதிரி வருகிறான் என்று ஜெர்மனியர் அஞ்சினர். அதை அணைத்துவைக்க உத்தரவும் பிறந்தது. உலகின் மறுகோடியில் அமெரிக்கத் தலைவர்கள் பலரும் எஸ்டி ரேடாரைப் பற்றி அதையே நினைத்தனர். எல்லாத் திசையிலும் பரவும் அந்த அலை ஜப்பானிய விமானங்களை அழைத்துவருகிறது என்று கருதி, விட்டுவிட்டுச் சிறிது நேரம் மட்டுமே இயக்கினர். ஒன்றையொன்று அறியாத இரு கடற்படைகள் ஒரே அச்சத்துக்கு வந்து சேர்ந்தன. ஆனால், அச்சத்தின் எடை ஒன்றல்ல: ஜெர்மனியர் குற்றவாளியைத் தவறாக அடையாளம் கண்டனர், எஸ்டியின் மீட்டர் அலையையோ ஜப்பானியக் கருவிகளால் உண்மையாகவே கேட்க முடியும்.

மூழ்காமல் எதிர்த்து நிற்கலாமே என்ற ஆசையையும் இரு ஆட்டங்களும் வளர்க்கின்றன, ஈட்டிய புகழ்ப்புள்ளிகளைக் கொடுத்து விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளை மேம்படுத்த அனுமதிப்பதால். நான்கு குழல் கொண்ட 20 மில்லிமீட்டர் துப்பாக்கி தளத்தில் நிற்கும்போது ‘சி’ விசையை மறப்பது எளிது. ஜெர்மன் கடற்படைத் தளபதி டோனிட்ஸும் 1943இல் அதே முடிவுக்குத்தான் வந்தார்: பிஸ்கே வளைகுடாவைக் கலங்கள் கூட்டமாக, மேற்பரப்பிலேயே, சுட்டபடி கடக்க வேண்டும் என்றார். ஜூலை 30இல் அப்படிப் போன யு-461, யு-462, யு-504 மூன்றுமே மூழ்கடிக்கப்பட்டன. யு-461ஐ மூழ்கடித்தது, ‘யு’ என்ற எழுத்தைத் தாங்கிய, ஆஸ்திரேலியாவின் 461ஆம் படைப்பிரிவின் சண்டர்லேண்ட் விமானம்! இப்படியொரு தற்செயலை எந்த ஆட்ட வடிவமைப்பாளரும் எழுதத் துணியமாட்டார். முதல் விமானத்தைச் சுட்டு விரட்டுவது பெரும்பாலும் முடியும். அது சுற்றிவந்தபடி மற்றவற்றை அழைப்பதைத்தான் தடுக்க முடியாது. ஆட்டத்திலும் இரண்டாவது, மூன்றாவது விமானம் வரும்போதே இந்தத் தவறு புலப்படும்.

பசிபிக் ஆட்டத்தில் அட்லாண்டிக்கில் காணாத ஒரு பணி உண்டு: கடலில் விழுந்த விமானிகளை மீட்பது. அமெரிக்க நீர்மூழ்கிகள் போர்க்காலத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட விமானிகளைக் காப்பாற்றின. 1944 ஏப்ரல் இறுதியில் ட்ரக் தீவுகள் அருகே டாங் கலம் மட்டும் 22 பேரை ஏற்றியது. அதே ஆண்டு செப்டம்பர் 2இல் ஃபின்பேக் கலம் மீட்டவர்களில் பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ்ஷும் ஒருவர். விமானத்தைக் கண்டதும் மறைவதையே வழக்கமாக்கிக்கொண்ட கலம், இந்தப் பணியில் எதிரிக் கரைக்கு அருகே, பட்டப்பகலில், மேற்பரப்பில் வேகத்தைக் குறைத்து நிற்க வேண்டியிருக்கிறது. அப்போது தலைக்கு மேல் கேட்கும் இரைச்சல் காவலுக்கு வந்த நண்பனுடையதா, எதிரியுடையதா என்பதை எஸ்டி ரேடார் காட்டும் தொலைவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மீண்டும் காவலர்களின் கண்களையே நம்ப வேண்டும், அட்லாண்டிக்கில் ஆடுபவரைப் போல.