இட்ரியம்-90 நுண்மணிச் சிகிச்சை

கல்லீரல் புற்றுக்கட்டிக்குள் கதிரியக்க நுண்மணிகளை இரத்தக்குழாய் வழியே செலுத்தி, உள்ளிருந்தே கட்டியை எரிக்கும் சிகிச்சை. மருத்துவர்கள் பேச்சில் இது 'ஒய்-90'. கல்லீரலிலேயே தோன்றும் புற்றுநோய்க்கும் பெருங்குடலிலிருந்து அங்கே பரவும் புற்றுநோய்க்கும் தரப்படுகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கண்ணாடி மணிகளுக்கு 1999இல் வரம்புக்குட்பட்ட அனுமதியும், பிசின் மணிகளுக்கு 2002இல் முழு அனுமதியும் வழங்கியது.

கல்லீரலுக்கு இரு வழிகளில் இரத்தம் வருகிறது. நலமான திசுவுக்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு, குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை கொண்டுவருவது. கட்டியோ பெரும்பாலும் கல்லீரல் தமனியை நம்பியே வளர்கிறது. எனவே தமனிக்குள் விடும் மணிகள் கட்டியைத் தேடிப் போய்ச் சேர்கின்றன. தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ நுழைத்த மெல்லிய குழாயை, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே தமனியின் உரிய கிளைவரை நகர்த்துகிறார்கள். கண்ணாடி மணியின் விட்டம் 20 முதல் 30 மைக்ரான், தலைமுடியைவிட மெலிது. கட்டியின் நுண்குழாய்களில் சிக்கிய மணி அங்கேயே தங்கிவிடும். அதிலுள்ள இட்ரியம்-90இன் அரை ஆயுள் சுமார் 64 மணி நேரம். அது உமிழும் பீட்டா துகள் திசுவுக்குள் சராசரியாக 2.5 மி.மீ., அதிகம் போனால் 11 மி.மீ. மட்டுமே பாயும்.

கிட்டத்தட்ட முழுவதும் உடலுக்குள்ளேயே அடங்கிவிடும் இந்தக் கதிரை வெளியிலிருந்து எப்படிப் படமெடுப்பது? நெடுங்காலம், பீட்டா துகள் வேகம் குறையும்போது பிறக்கும் எக்ஸ் கதிரைக் கொண்டு மங்கலான படங்களையே எடுத்துவந்தனர். தெளிவு வந்தது அணுக்கருவின் ஓர் அரிய நிகழ்விலிருந்து. இந்தச் சிகிச்சையின் வரலாற்றில் மனதை நிறைக்கும் பகுதி இதுவே.

இட்ரியம்-90 சிதைந்து சிர்க்கோனியம்-90 ஆகிறது. மிகச் சில வேளைகளில் அந்தச் சிர்க்கோனியம் கரு 1.76 மெகா எலக்ட்ரான் வோல்ட் கிளர்நிலையில் பிறக்கிறது. கிளர்நிலைக்கும் அடிநிலைக்கும் தற்சுழற்சி சுழியம். ஒற்றைக் காமா ஃபோட்டான் வெளியேறினால் கோண உந்தத்தை எடுத்துச் சென்றாக வேண்டும். இங்கே எடுத்துச் செல்ல ஏதுமில்லை. அந்த வழி அடைபட்டதால், சில கருக்கள் ஓர் எலக்ட்ரானையும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானையும் இணையாக வெளித்தள்ளி அடங்குகின்றன. பத்து லட்சம் சிதைவுகளில் சுமார் 32 மட்டுமே இப்படி நிகழ்கின்றன. சொற்பம்தான். ஆனால் 3 கிகாபெக்கரல் மருந்தில் விநாடிக்கு 300 கோடி சிதைவுகள் என்பதால், ஏறத்தாழ 96,000 பாசிட்ரான்கள் கிடைத்துவிடும். பாசிட்ரான் எலக்ட்ரானோடு மோதி அழியும்போது 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரு ஃபோட்டான்கள் எதிரெதிர்த் திசையில் பாய்கின்றன. இத்தகைய ஃபோட்டான் இணைகளைப் பிடித்துப் படமாக்கும் பெட் ஸ்கேனுக்கு அதுவே போதும்.

பெட் கருவிக்கும் துகள் இயற்பியலுக்கும் உறவு பழையது. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் 1977இலேயே டேவிட் டவுன்சென்டும் ஆலன் ஜெவன்சும் ஒரு சுண்டெலியை இம்முறையில் படமெடுத்தனர். அங்கே எல்-3 உணர்கருவியில் பயன்பட்ட பிஸ்மத் ஜெர்மனேட் படிகம் மருத்துவமனை ஸ்கேனர்களிலும் இடம்பெற்றது. பின்வந்த லுட்டீசியம் படிகங்கள் வேகமானவை. ஆனால் லுட்டீசியமே சற்றுக் கதிரியக்கம் உடையது. கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையால் எடுக்கும் வழக்கமான பெட் படத்தில் அது பொருட்டல்ல. பாசிட்ரான் அரிதான ஒய்-90 படத்திலோ இரைச்சலாய்ப் புகுந்துவிடும். இரு ஃபோட்டான்களும் வந்து சேரும் நேர வேறுபாட்டை விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் கீழாக அளக்கும் நுட்பம் அந்த இரைச்சலை வெகுவாகக் குறைத்தது.

கட்டி எவ்வளவு கதிரை வாங்கியது என்பதை அளக்க முடிவது ஏன் முக்கியம் என்பதை மருத்துவச் சோதனைகள் காட்டின. பிரான்சில் நடந்த சாரா ஆய்வும் (2017) ஆசிய-பசிபிக் நாடுகளில் நடந்த சர்வெனிப் ஆய்வும் (2018), சோராஃபெனிப் மாத்திரையைவிட இச்சிகிச்சை வாழ்நாளைக் கூட்டவில்லை என்றன. 2021இல் வெளியான பிரெஞ்சு ஆய்வான டோசிஸ்ஃபியர், 60 நோயாளிகளில் சிலருக்கு வழக்கமான அளவையும் சிலருக்குக் கட்டிக்கு 205 கிரேக்குக் குறையாதபடி தனித்தனியே கணக்கிட்ட அளவையும் தந்தது. இடைநிலை வாழ்நாள் முதல் பிரிவில் 10.7 மாதம், இரண்டாவதில் 26.6 மாதம். ஆய்வு சிறியது, ஆனாலும் அதன் பின் அளவைக் கணக்கிடாமல் மருந்து செலுத்துவதை நியாயப்படுத்துவது கடினம். இந்தக் கணக்கை, சிகிச்சைக்கு முன் டெக்னீசியம்-99எம் ஏற்றிய அல்புமின் துகள்களைச் செலுத்தி எடுக்கும் ஒத்திகைப் படத்திலிருந்து போடுகிறார்கள். மணிகள் நுரையீரலுக்கு எவ்வளவு நழுவும் என்பதும் அப்போதே தெரிந்துவிடும். சிகிச்சைக்குப் பின் எடுக்கும் பெட் படம் மணிகள் உண்மையில் எங்கே தங்கின என்பதைச் சொல்கிறது.

கல்லீரல் புற்றுநோயாளிகளில் பெரும்பாலோருக்கு மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெபடைட்டிஸ் பி, சி, மது, கொழுப்பேறல் ஆகியவற்றால் ஏற்கெனவே கல்லீரல் சுருங்கிச் சிரோசிஸ் ஆகியிருக்கும். கட்டிக்கு வெளியே எஞ்சிய அந்தத் திசு மிகுதியான கதிரை வாங்கினால், சில வாரங்களில் காமாலையும் வயிற்றில் நீர்க்கோவையும் தோன்றி உயிருக்கே ஆபத்தாகலாம். இரத்தத்தில் பிலிருபின் ஏற்கெனவே உயர்ந்திருப்பவர்களுக்கு இச்சிகிச்சையைப் பெரும்பாலும் தவிர்ப்பது இதனால்தான்.